விதையும் நிலமும்

“வினை விதைத்தவன் வினை அறுப்பான்” என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். மார்பகப் புற்றுநோய் இருப்பதை அறிந்தவுடன், “நான் என்ன பாவத்தை விதைத்தேன், டாக்டர்?” என்று கேட்கும் பெண்கள் உண்டு. அவ்வினாவுக்கு விடை காண, விதைத்தல் என்னும் சொல்லின் பொருளைச் சற்று ஆராய்வோம்.

விதைத்தலின் நேர்ப்பொருள் வயலுக்கு உரியது. விதை முளைக்க ஈரமும் காற்றும் ஏற்ற வெப்பமும் வேண்டும். வீசிய நெல்லுள் காய்ந்த வரப்பில் விழுந்தது வீணாகும். பதமான சேற்றில் விழுந்தது முளைக்கும். எனவே விளைச்சல் விதையை மட்டுமன்றி நிலத்தையும் பொறுத்தது.

இவ்வுண்மையைப் புற்றுநோய்க்கு உவமையாக்கியவர் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்து, 1889இல் ‘லான்செட்’ இதழில் அவர் எழுதினார். இரத்தம் மிகுதியாகப் பாயும் உறுப்புகளாயினும், கல்லீரலில் நோய் அடிக்கடி பரவியிருந்தது. மண்ணீரலில் அரிதாகவே காணப்பட்டது. புற்றுச்செல்கள் விதைபோல் எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்திலேயே வளர்கின்றன என்பது அவர் கருத்து.

“கட்டியை அகற்றிய பின்னும் மருந்து எதற்கு?” என்னும் ஐயத்திற்கும் இதுவே விடை. அறுவைக்கு முன்னரே சில செல்கள் சிதறியிருக்கக்கூடும். பரிசோதனையில் தென்படாமல் அவை பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கலாம். சில வகைப் புற்றுச்செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் நீர்போன்றது. டாமாக்சிஃபென் முதலிய மாத்திரைகள் அந்நீரைத் தடுக்கின்றன. ஆதலால்தான் அவற்றைக் குறைந்தது 5 ஆண்டுகளேனும் உட்கொள்ளுமாறு பொதுவாக அறிவுறுத்துகிறோம். உடல்நலம் தேறிவிட்டது என்று எண்ணி இடையில் நிறுத்துவது, நாற்று தலைகாட்ட வழிவிடுவதாகும்.

மாத்திரையால் திடீர் உடற்சூடோ மூட்டுவலியோ தோன்றினால், நீங்களாக நிறுத்தாமல் எங்களிடம் கூறுங்கள். அதைத் தணிக்கவும், தேவையெனில் மாத்திரையை மாற்றவும் வழிகள் உள்ளன. புதிய கட்டி, நீங்காத எலும்புவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றையும் உடனே தெரிவியுங்கள்.

இனி, முதல் வினாவுக்கு வருவோம். பழமொழி கூறுவது ஒழுக்கத்தைப் பற்றி; நோயைப் பற்றியன்று. புற்றுநோய், செல்லின் மரபணுவில் நேரும் மாற்றங்களால் தோன்றுவது. பாவத்தின் அறுவடை அன்று. நோயுற்றவரிடம் இதைக் குடும்பத்தினர் எடுத்துரைத்தல் வேண்டும். குற்றவுணர்வு நீங்கிய மனத்தோடு, அன்றாட மாத்திரையைத் தவறாது உட்கொள்ள அது துணைபுரியும்.