ஆறியபின் உயிர்பெறும் எஞ்சின்

மோட்டார் சைக்கிள் என்றதும் வேகமே பலருடைய நினைவுக்கு வரும். வேகத்துக்குப் புள்ளி எதுவும் வழங்காத மோட்டார் சைக்கிள் போட்டியொன்றும் உண்டு. ட்றயல்ஸ் என்பது அதன் பெயர். பாறை, சேறு, ஓடைப்படுகை, வேர்கள் பின்னிய மேடு ஆகியவற்றினூடே எல்லை குறிக்கப்பட்ட சிறு பகுதிகளைக் கால் நிலத்திற் படாமற் கடப்பதே அதில் வேண்டப்படுவது. ஒருமுறை காலூன்றினால் ஒரு புள்ளி தண்டம், இருமுறைக்கு இரண்டு, அதற்குமேல் எத்தனை முறையாயினும் மூன்று. கடக்கத் தவறினால் ஐந்து. இப்போட்டிகளுட் புகழ்பெற்றது 1911 ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்கொத்லாந்து ஆறுநாட் போட்டியாகும். போட் வில்லியம் நகரைச் சூழ்ந்த மலைகளே இன்று அதன் களம். 1964 இல் ஏரியல் என்னும் ஆங்கில நான்குவீச்சு யந்திரத்தில் அதனை வென்ற சாமி மில்லர், மறு ஆண்டிலேயே புல்ட்டாக்கோ என்னும் ஸ்பானிய இருவீச்சு யந்திரத்தில் மீண்டும் வென்றார். அதன்பின் சில ஆண்டுகளில் இலேசான இருவீச்சு யந்திரங்களே களத்தை நிரப்பின.

இருவீச்சு எஞ்சின் அமைப்பில் எளியது. நான்குவீச்சு எஞ்சினுக்குரிய வால்வுகள் அதில் இல்லை. மின்கலமும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் இப்போட்டியில் அது படும் பாடு பெரிது. மனிதன் நடக்கும் வேகத்தில் மலையேறும்போது உருளையைச் சூழ்ந்த தகடுகளைக் குளிர்விக்கப் போதிய காற்று வீசுவதில்லை. யந்திரம் அடிக்கடி சரிந்து விழுகிறது, ஓடையில் நனைகிறது. இவற்றிடையே எஞ்சின் திடீரென நின்றுவிடுகிறது. எத்தனை முறை உதைத்தாலும் கிளம்புவதில்லை. ஓட்டியவர் களைத்துப்போய்ப் பாறையொன்றின்மேல் அமர்கிறார். கால் மணி நேரம் கழிகிறது. சலிப்போடு மறுபடியும் உதைக்கிறார். முதல் உதையிலேயே எஞ்சின் உயிர்பெறுகிறது!

“சூடேறிவிட்டது, ஆறியதும் சரியாகிவிட்டது” என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். அவ்விளக்கத்தில் விளக்கம் ஏதுமில்லை என்பதே என் கருத்து. காரணத்தால் முற்றும் வேறுபட்ட நான்கு பிழைகளேனும் கால் மணி நேர ஓய்வில் தாமாகவே மறைந்துவிடக் கூடியன. மறையுமுன் அவற்றை இனங்காண்பது எங்ஙனம் என்பதையே இங்கு ஆராய்வோம்.

நான்கனுள் மிக எளியது பெற்றோல் தாங்கியின் மூடியில் உள்ளது. பெற்றோல் குறையக் குறைய அதன் இடத்தை நிரப்ப வளி உட்புகவேண்டும். அதற்கென மூடியில் ஒரு நுண்டுளையோ சிறு குழாயோ அமைந்திருக்கும். அது சேற்றினால் அடைபட்டால் தாங்கியினுள் அமுக்கம் குறைகிறது. வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கம் எதிர்த்து நிற்பதால் பெற்றோல் கீழே இறங்க மறுக்கிறது. நீர் நிரம்பிய குவளையைக் கடதாசியால் மூடித் தலைகீழாகப் பிடிக்கும் பரிசோதனையைக் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். இங்கு நிகழ்வதும் அதுவே. எஞ்சின் நின்றபின் வளி சிறிது சிறிதாகக் கசிந்து உட்புகும், காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் மீண்டும் நிரம்பும், எஞ்சின் கிளம்பும். வெப்பத்துக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எஞ்சின் நின்றவுடனே மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என வளி உட்செல்லும் ஓசை கேட்கும். கால் மணி நேரம் கழித்துத் திறப்பவருக்கு அவ்வோசை கேளாது. சான்று அழிந்துபோயிருக்கும்.

இரண்டாவது, பெற்றோல் மிகுதியாற் பிளக் நனைவது. யந்திரம் சரிந்து விழும்போதும், மிதவையோடிணைந்த ஊசிவால்வில் அழுக்குப் படியும்போதும் இது நேரும். ஓய்வின்போது பெற்றோல் ஆவியாகிவிடுவதால் இதுவும் தானே குணமடைகிறது. பெற்றோற் குழாயை மூடி, வளிவாயிலை முற்றாகத் திறந்து, பலமுறை உதைத்தால் காத்திராமலே பெரும்பாலும் தீரும்.

மூன்றாவது சற்று அபாயமானது. முசலம் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. பழைய யந்திரங்களில் உருளையின் உட்சுவர் வார்ப்பிரும்பு. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும் இயல்புடையது. பெற்றோலுடன் கலந்த எண்ணெய் போதாமையாலோ, வளி மிகுந்து கலவை மெலிந்தமையாலோ எஞ்சின் மிகச் சூடேறினால் முசலம் உருளையைக் கவ்விக்கொள்கிறது. ஆறியதும் சுருங்கி விடுபடுகிறது. உதைக்கும் நெம்பு வழமைக்கு மாறாக இறுகியிருப்பதே இதன் அடையாளம். நெம்பு இறுகியிருக்கக் கண்டவர் அன்று மேலும் உதைத்தலாகாது. உருளையின் சுவர் உராய்ந்து கெடும். ஏனைய மூன்றுக்கும் பொறுமையின்மை களைப்பை மட்டுமே தரும். இதற்கோ ஒரு புதிய முசலத்தின் விலையைத் தரும்.

நான்காவதே பலரையும் ஏமாற்றுவது. நானும் ஏமாந்தவனே.

கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில் தூண்டற்சுருளைக் கண்ட மாணவருக்கு இந்தத் தீப்பொறியின் கதையைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. முதற்சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரெனத் துண்டிக்கப்பட, நுண்கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட துணைச்சுருளில் உயர்ந்த அழுத்தம் தோன்றித் தீப்பொறி பாய்கிறது. துண்டிக்கும் முனைகளிற் பொறி வீணாகாதபடி ஒடுக்கி ஒன்று அங்கு இணைக்கப்பட்டிருக்கும். பழைய மோட்டார் சைக்கிளில் உள்ளதும் இதுவே. மின்கலத்துக்குப் பதிலாகப் பறப்புச்சில்லிற் பதித்த காந்தங்கள் முதல் மின்னோட்டத்தைத் தருகின்றன, ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் திறக்கும் தொடுகைமுனைகள் ஒவ்வொரு சுழற்சியிலும் அதனைத் துண்டிக்கின்றன. வேறுபாடு அவ்வளவே.

இனி இதற்கு வெப்பம் செய்வதைப் பார்ப்போம். செப்புக்கம்பியின் தடை வெப்பநிலையோடு ஏறும்: 20 பாகை சதமத்திலிருந்து 100 பாகைக்குச் சென்றால் ஏறத்தாழ நூற்றுக்கு 31 பங்கு கூடும். நல்ல சுருள் இதனைத் தாங்கிக்கொள்ளும். முதிர்ந்த சுருளிலோ கம்பிமேற் பூசிய காவலி வெடித்திருக்கும். சூட்டில் கம்பி விரியும்போது அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்குச்சுற்றாகும். ஒடுக்கியின் காவலியும் அவ்வாறே சூட்டில் தளர்வதுண்டு. தீப்பொறி மெலிந்து மஞ்சளாகும், அல்லது அறவே இராது. ஆறியதும் கம்பி சுருங்கும். நீலநிறப் பொறி மீண்டும் தோன்றும்.

இங்கிலாந்தில் வேலைபார்த்த காலத்தில் மிகப் பழைய இருவீச்சு யந்திரமொன்றை வாங்கி, ஞாயிறு தோறும் மேடுபள்ளங்களில் ஓட்டிவந்தேன். நாற்பது நிமிடம் ஓடியதும் விளக்கை அணைத்தாற்போல நின்றுவிடும். தள்ளிக்கொண்டு வீடுசேர்ந்து, பிளக்கைக் கழற்றிப் பொறியைச் சோதிப்பேன். பொறி நன்றாகவே இருக்கும். ஆகவே பிழை காபரேற்றரில் என்று முடிவுகட்டி மூன்று ஞாயிறுகள் அதனைக் கழற்றியும் பூட்டியும் கழித்தேன். வழியில் யந்திரம் ஆறிவிட்டதென்பதும், நான் சோதித்தது நோயாளியையன்று, நோய் நீங்கியவரை என்பதும் நாலாம் வாரத்தில்தான் விளங்கின. அவ்வாரம் பிளக் கழற்றும் கருவியைச் சட்டைப்பையில் எடுத்துச்சென்றேன்.

நின்ற இடத்திலேயே, சூட்டோடு, நான் அன்று செய்த ஒழுங்கு இதுதான். இன்றும் இதனையே பின்பற்றுகிறேன். முதலில் எஞ்சின் நின்ற விதத்தை மனத்திற் குறித்துக்கொண்டேன். திணறித் திணறி நின்றால் எரிபொருளையும், வெட்டியதுபோல் நின்றால் மின்னையும் ஐயுறவேண்டும். இது முடிந்த முடிபன்று, எங்கே தொடங்குவதென்பதற்கு ஒரு குறிப்பே. அடுத்து நிறுத்தும் பொத்தானையும் அதன் கம்பியையும் பார்த்தேன். அதனைப் பாராமல் எஞ்சினைப் பிரித்த அறிஞர் பலர். பின்னர் தாங்கியின் மூடியைத் திறந்து காதுகொடுத்தேன். ஓசையில்லை. நெம்பைக் கையால் அழுத்தினேன். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. ஆகவே அமுக்கம் உண்டு. பிறகே பிளக்கைக் கழற்றினேன். அது ஈரமாயிருந்தது. உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்துசேரவில்லை எனக் கொள்ளலாம். ஈரமாயின் பெற்றோல் வந்தும் பற்றவில்லை.

பொறியைச் சோதிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகளை மறத்தலாகாது. உருளையின் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி பீறிடும். ஆதலாற் குழாயை மூடி, துவாரத்தைத் துணியால் அடைத்து, அதற்கு எட்டத்திலேயே பிளக்கை வைத்தல் வேண்டும். தீப்பற்றிய கைகளைப் பற்றிக் கேள்வியுற்றிருக்கிறேன். இரண்டாவது, பிளக்கின் உலோகம் எஞ்சினை நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும். உயரழுத்தம் பாய வழியின்றித் தொங்கவிட்டால் அது சுருளின் காவலியைத் துளைத்து வழி தேடிக்கொள்ளும். நல்ல சுருளும் அத்தோடு கெடும். மேலும், திறந்தவெளியிற் பாயும் பொறி உருளையினுள்ளும் பாயும் என்று எண்ணற்க. அமுக்கப்பட்ட கலவையினூடு பாய்வதற்கு அழுத்தம் மிக அதிகமாக வேண்டும். ஆகவே மெலிந்த பொறியை இல்லாத பொறியாகவே கொள்வது நன்று.

அன்று பொறியே இல்லை. தாங்கியின் கீழிருந்த சுருளின்மேல் ஓடை நீரில் நனைத்த துணியைச் சுற்றினேன். எஞ்சினின் ஏனைய பாகங்கள் எல்லாம் சூடாகவே இருந்தன. நாலைந்து நிமிடத்திற் பொறி தோன்றியது. பிளக்கைத் துடைத்துப் பூட்டி உதைத்ததும் எஞ்சின் முழங்கியது. ஒன்றைமட்டும் ஆற்றி, மற்றவற்றை மாற்றாது விட்டமையாற் பிழையின் இருப்பிடம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. அதே நேரத்தில் பிளக்கையும் ஒடுக்கியையும் மாற்றி, காபரேற்றரையும் துப்புரவாக்கியிருந்தால் எது குணப்படுத்தியது என்பது இன்றுவரை எனக்குத் தெரிந்திராது.

இக்காலத்து ட்றயல்ஸ் யந்திரங்களிற் தொடுகைமுனைகள் இல்லை. எஞ்சினை நீர் சூழ்ந்து குளிர்விக்கிறது. 2005 இல் வந்த மொன்ரெசா நான்குவீச்சு யந்திரத்தில் காபரேற்றரே கிடையாது. மின்கலமின்றி, உதைக்கும்போது பிறக்கும் மின்னைக்கொண்டே அதன் இலத்திரனியற் கருவி பெற்றோலைப் பீச்சுகிறது. நிறுத்தும் பொத்தானுக்குப் பதிலாக ஓட்டுநரின் மணிக்கட்டிற் கட்டிய கயிறும் அதன் நுனியில் ஒரு காந்தமும் வந்துள்ளன; அக்காந்தம் சிறிது விலகியிருந்தாலும் எஞ்சின் கிளம்பாது. எனினும் பறப்புச்சில்லின் உள்ளே எனாமல் பூசிய செப்புக்கம்பிச் சுருள் இன்றும் உண்டு. சூட்டில் அது படும் பாடும் மாறவில்லை.

என்னை ஏமாற்றிய அந்தச் சுருள் இப்போதும் என் மேசையறையிற் கிடக்கிறது. ஓம்மானியால் அளந்தால், குளிர்ந்த நிலையில், அது குற்றமற்றதென்றே காட்டுகிறது.