எந்த நாளிலிருந்து எண்ணுகிறாய்?

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு புரோகேட் ஸ்விட்ச்சுகளின் பிழைப் பட்டியலை நேற்று இரவே பார்த்துவிட்டேன். ஒன்றின் 7ஆம் போர்ட்டில், ஃபிரேமுக்கு வெளியே வரும் குறியீட்டுப் பிழைகளை எண்ணும் ‘என்க் அவுட்’ 3 கோடியைத் தாண்டிவிட்டது, கேபிளை இன்றைக்கே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். மாற்றாதே. இந்த 3 கோடி எந்த நாளிலிருந்து சேர்ந்தது என்று முதலில் சொல்.

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மின்சார மீட்டர் இருக்கிறது. அது காட்டும் மொத்த எண்ணுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. இந்த மாத ரீடிங்கிலிருந்து போன மாத ரீடிங்கைக் கழித்த பிறகுதான் பில். ஸ்விட்ச்சின் கவுண்டரும் அதே கணக்குதான். ஒரு சர்வரை ரீபூட் செய்தாலே, லேசர் அணைந்து மீண்டும் எரிகிற நேரத்தில் ‘என்க் அவுட்’, ‘லாஸ் ஆஃப் சிங்க்’ எல்லாம் ஏறிவிடும். இரண்டு ஆண்டுகளாக அழிக்காத கவுண்டரில் அந்த ரீபூட்டுகள் அத்தனையும் கிடக்கும்.

இதைக் கற்க நான் ஒரு விலை கொடுத்தேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், இதேபோல் பெரிய எண்ணைப் பார்த்துப் பயந்து, நள்ளிரவில் அனுமதி வாங்கி கேபிளையும், அது செருகப்படும் எஸ்எஃப்பி என்ற ஒளிக்கருவியையும் மாற்றினேன். காலையில் டேட்டாபேஸ் பழையபடியே திணறியது. பிழையே இல்லாத வேறொரு போர்ட்டில் நோய் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் காத்திருந்தவர்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

அடுத்து சிஆர்சி, அதாவது ஃபிரேம் என்ற தரவுத் துண்டு வழியில் கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண். உன் பட்டியலில் சிஆர்சி பிழை இரண்டு ஸ்விட்ச்சிலும் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கோளாறு என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. ஃபிரேமின் தலை வந்தவுடனேயே ஸ்விட்ச் அதை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடும். சிஆர்சி வால் பக்கம் இருப்பதால், கெட்டுப்போனது தெரியும்போது ஃபிரேமின் பெரும்பகுதி வெளியே போயிருக்கும். அப்போது ஸ்விட்ச் செய்யக்கூடியது, முடிவுக்குறியை மாற்றி ‘இது கெட்டது’ என்று முத்திரை குத்துவது மட்டுமே. அதற்குப் பிறகு அந்த ஃபிரேமைப் பெறும் போர்ட்டுகளும் சிஆர்சி பிழை என்று எண்ணும். ஆனால் ‘ஜி-இஓஎஃப்’ என்ற பக்கத்துப் பத்தி, முத்திரை விழாமல் வந்த கெட்ட ஃபிரேமை மட்டும் எண்ணும். அது ஏறுகிற போர்ட்டோடு சேர்ந்த இணைப்பில்தான் ஃபிரேம் கெட்டது. எதிர்முனை எஸ்எஃப்பி, கேபிள், இந்த முனை எஸ்எஃப்பி, வழியில் பேட்ச் பேனல் இருந்தால் அது, அவ்வளவுதான் சந்தேகப் பட்டியல். எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு முனைகளையும் துடை. மல்டிமோட் இழையின் ஒளி செல்லும் பாதை 50 மைக்ரான்தான். ஒரு தூசி போதும்.

இனி, என்னை நான்கு நாள் அலையவிட்ட விஷயம். இந்த ஸ்விட்ச்சுகள் பேசும் ஃபைபர் சேனலில், எதிர்முனை இடம் இருக்கிறது என்று சொல்லாமல் ஒரு ஃபிரேமும் புறப்படாது. வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்பும் மெஸ்ஸை நினைத்துக்கொள். காலி கேரியர் திரும்பி வந்தால்தான் அடுத்த வேளைச் சாப்பாடு போகும். ஒரு சர்வர் கேரியரைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால், மெஸ் வாசலில் நிற்பவர்கள் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். அந்தச் சர்வரின் போர்ட்டில் சிஆர்சி பூஜ்யமாகவே இருக்கும். புலம்புவது சம்பந்தமில்லாத வேறு சர்வர்கள்.

அந்தக் காத்திருப்பைச் சொல்வது ‘டிம் டிஎக்ஸ் கிரெடிட் ஜீரோ’ என்ற கவுண்டர். கிரெடிட் என்பது அந்தக் காலி கேரியர்தான். அதன் ஒரு துடிப்பு 2.5 மைக்ரோ விநாடி. அப்படியென்றால் விநாடிக்கு 4 லட்சம், 5 நிமிடத்துக்கு 12 கோடி. 5 நிமிடத்தில் 6 கோடி ஏறியிருந்தால், அந்த போர்ட் பாதி நேரம் கை கட்டி நின்றிருக்கிறது. கொஞ்சம் ஏறுவது எங்கும் இயல்பு. 32 பிட் கவுண்டர் 429 கோடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். முழு நேரமும் காத்துக்கிடக்கும் போர்ட்டில் அதற்கு 3 மணி நேரம்கூட ஆகாது. ஆகவே 64 பிட் கணக்கையே எடு.

காத்திருப்பு அதற்குரிய வரம்பைத் தாண்டினால் ஸ்விட்ச் ஃபிரேமைக் கீழே போட்டுவிடும். அது ‘டிஸ்க் சி3’ என்ற பத்தியில் ஏறும். போனதைத் திரும்ப அனுப்ப ஃபைபர் சேனலில் யாரும் இல்லை. லினக்ஸ் சர்வர் இயல்பாக 30 விநாடி காத்த பிறகே விழித்துக்கொள்ளும். ஒரு ஃபிரேம் விழுந்தால் எங்கோ ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். இந்த எண்ணைச் சிறியது என்று ஒதுக்காதே.

வேகம் கூடினால் பத்திகளின் பொருளும் மாறும். 8ஜி வரைதான் ‘என்க்’ பத்திகளை நம்பலாம், 16ஜியில் ‘பிசிஎஸ்’ பார். 32ஜியில் பிழைதிருத்தம் கட்டாயம் என்பதால், சாகப்போகும் எஸ்எஃப்பிகூடக் கொஞ்ச காலம் நலமாகத் தெரியும்.

இன்றைக்கு ஒன்று செய். இப்போதுள்ள கணக்கு முழுவதையும் கோப்பில் சேமித்து, தேதியும் நேரமும் எழுது. பிறகு கவுண்டர்களை அழி. 5 நிமிடத்தில் ஒரு முறை, 1 மணி நேரத்தில் ஒரு முறை, நாளை இதே நேரத்தில் ஒரு முறை கணக்கெடு. நான்கையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். அதுவரை 7ஆம் போர்ட்டின் கேபிளைத் தொடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்