சலேத் மாதா மலைக்குப் போகுமுன்



தீபாவளிச் சரக்கு ஏறி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும் சமயத்தில் கொடைக்கானலுக்குப் போய் வரலாமா என்று நம் விஸ்வநத்தத்தில் பேச்சு எழுவது வழக்கம். நல்ல யோசனைதான். வெயிலிலும் மருந்துத் தூளிலும் ஆண்டு முழுவதும் உழைத்த உடல் இரண்டு நாள் குளிர்காற்றை விரும்புவதில் குற்றமில்லை. ஆனால் ஏரி, படகு, குதிரை, சாக்லேட் என்று நீளும் அந்தப் பேச்சில், அம்மலைமேல் மாதா கோவில் ஒன்று இருப்பதும், அது ஏன் அங்கே வந்தது என்பதும் அடிபடக் காணோம். ஆகையால் இவ்வாரப் பாடத்தை அதற்கே ஒதுக்கினோம். வீட்டில் பெரியவர் ஒருவர் வாசிக்க, பிள்ளைகள் சுற்றியிருந்து கேட்பது நலம்.

கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், பழனி மலைத்தொடரின் மேல் இருக்கிறது. 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் போதகர்கள், காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் கூட்டத்தார் மடிவதைப் பொறுக்கமாட்டாமல், அங்கே இரண்டு பங்களா கட்டிக்கொண்டார்கள். நம் குருக்களுக்கும் அதே கதிதான். 1837-ல் பிரான்சிலிருந்து மதுரை மிஷனுக்கு மறுபடியும் வந்த சேசு சபைச் சுவாமிமார்களில் பலர் சில வருஷங்களுக்குள் காலராவுக்கு இரையானார்கள். உயிர் தப்பியவர்கள் உடல் தேறவேண்டி மலையேறினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரான லூயி சேன் சீர் சுவாமியார், 1866-ல் அங்கே சலேத் மாதாவின் பேரால் ஒரு கோவில் கட்டினார். மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு துரை ஓடைக்கு அணை போட்டு ஏரியை உண்டாக்கியது 1863-ல். ஆக ஏரிக்கும் கோவிலுக்கும் மூன்றே வயது வித்தியாசம்!

அக்காலத்தில் மோட்டார் சாலை ஏது? பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதைதான். துரைமார் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். சுமந்து ஏறியது கூலியாட்களின் தோள்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

சலேத் என்பது என்ன? பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. மெலானி என்ற பதினான்கு வயதுப் பெண்ணும், மாக்சிமென் என்ற பதினோரு வயதுப் பையனும் கூலிக்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஞானோபதேசமும் சரியாகக் கற்றவர்களல்ல. மத்தியானத்துக்குப்பின் ஒரு பள்ளத்தில் பெரும் பிரகாசம் தோன்றிற்று. அதன் நடுவே ஒரு சீமாட்டி உட்கார்ந்து, இரு கைகளாலும் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். பிற்பாடு எழுந்து பேசிய நேரமெல்லாம் அவள் கண்ணீர் நிற்கவில்லையென்று பிள்ளைகள் சொன்னார்கள். அவள் மார்பில் பாடுபட்ட சுரூபம் தொங்கிற்று. அதன் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. ஆணி அடிப்பது சுத்தியல், பிடுங்குவது குறடு. சிறு பிள்ளைக்கும் விளங்கக்கூடிய பிரசங்கம் இது.

அவள் முதலில் பிரெஞ்சில் பேசினாள். உருளைக்கிழங்கைப்பற்றிச் சொன்னபோது மெலானிக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. உடனே மாதா அந்த மலைநாட்டுக் கொச்சைப் பேச்சுக்கு மாறினாள். கிழங்கும் கோதுமையும் கெட்டுப்போய் ஐரோப்பாவில் பஞ்சம் பரவிய வருஷம் அது. ஐர்லாந்தில் ஜனங்கள் பட்டினியால் லட்சக்கணக்கில் செத்த காலம். இன்னொரு விஷயமும் சொன்னாள்: ஒரு நாள் மாக்சிமெனின் தகப்பன் கெட்டுப்போன கதிரைக் கையில் கசக்கிக் காட்டி, அடுத்த வருஷம் சாப்பாட்டுக்கு என்ன செய்வோமோ என்று சொல்லித் தன் ரொட்டியைப் பிட்டு மகனுக்குக் கொடுத்தானே, அது நினைவில்லையா என்று கேட்டாள். பையனே மறந்துபோயிருந்தான். ஏழைத் தகப்பனின் அந்தக் கவலையும் பரலோகத்தில் கவனிக்கப்பட்டிருந்தது.

அவள் அழுததற்குக் காரணங்களைச் சொன்னாள். வண்டிக்காரர் தன் குமாரனின் திருநாமத்தைத் தூஷணத்துக்கு இழுப்பது ஒன்று. ஆறு நாள் வேலைக்கு விடப்பட்டிருக்க, ஏழாம் நாளையும் ஜனங்கள் சர்வேசுரனுக்கு விடாமல் பறித்துக்கொள்வது மற்றொன்று. கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து, ஜெபம் சொல்கிறீர்களா என்று கேட்டாள். அவ்வளவாக இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். நேரமில்லாதபோது ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தை மந்திரமுமாவது சொல்லுங்கள் என்றாள். கிரெனோபிள் மேற்றிராணியார் ஐந்து வருஷம் தீர விசாரித்து, 1851-ல் இக்காட்சியை நம்பத்தகுந்ததென அறிக்கையிட்டார். இது விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்த சத்தியமல்ல. ஆனால் திருச்சபை ஆராய்ந்து அனுமதித்த பக்தி.

இப்போது நம் பக்கம் வருவோம். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற நமக்கு ஞாயிறு என்பது லேசான விஷயமல்ல. ஆவணி, புரட்டாசியில் ஆர்டர் நெருக்கும்போது ஒரு நாள் கூலி போனால் பள்ளிக்கூடப் பீஸில் துண்டு விழும். மூன்றாம் கற்பனையைச் சொல்லி ஏழையை மட்டும் மிரட்டுவது நியாயமாகாது. உண்மையான அவசியம் ஒருவனைக் குற்றத்தினின்று விடுவிக்கும் என்று திருச்சபையே போதிக்கிறது. அவசியமின்றிப் பிறரை ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இழுப்பவர்களுக்கே பொறுப்பு அதிகம். நம் பங்கில் காண்டிராக்ட் எடுத்துப் பத்துப்பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களும் இருக்கலாம். மாதாவின் கண்ணீரை அவர்கள் முதலில் நினைத்துப் பார்க்கட்டும். ஞாயிறன்று வீட்டுத் திண்ணையில் திரியும் மருந்துமாக உட்காருவதோ, கற்பனைக்கும் விரோதம், சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. ஒரு பொறியில் குடும்பமே போன வீடுகளை நாம் அறியாதவர்களா?

மெலானி சிறு வயது முதலே கூலிக்கு விடப்பட்டவள். நம் தாய்மாரிலும் பாட்டிமாரிலும் பலர் விடியுமுன் ஆலை பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தோடு ஏறி, தீப்பெட்டி அடுக்கப் போன சிறுமிகள்தாம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு 1996 டிசம்பர் 10-ல்தான் வந்தது. இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு வாசிக்கும்போது பாட்டியிடம் அவர் கதையையும் கேளுங்கள். சலேத் மாதா யாருக்குக் காட்சி கொடுத்தாள் என்பது புத்தகமில்லாமலே விளங்கும்.

இனிப் பிரயாணம். கொடைக்கானல் கோவிலின் தேர்த் திருவிழா ஆகஸ்ட் 14, 15 தேதிகளில். அப்போது நமக்கு வேலை மும்முரம், போகமுடியாததற்கு வருந்தவேண்டாம். தீபாவளிக்குப் பிறகென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை குறுக்கிடும். மலைப்பாதையில் மண் சரிவதுண்டு. மழை எச்சரிக்கை இருந்தால் தயங்காமல் தள்ளிப்போடுங்கள். மூன்று ராசாக்கள் திருநாளுக்குப்பின் போகலாம். வானம் தெளிந்திருக்கும், இராத்திரிக் குளிரோ கடுமையாயிருக்கும். சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் வண்டி நிறுத்தவே அரை நாள் போய்விடும்.

சிவகாசியிலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாக ஏறக்குறைய 190 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பது டிரைவருக்குச் செய்யும் அநியாயம். ஓரிரவு தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களுக்கு 2024 நவம்பர் முதல் மலையில் தடையுண்டு; வண்டி பேசும்போதே அளவைக் கேளுங்கள். சொந்த வண்டி, வாடகை வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டுமென்று ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் விதி வந்தது. அதற்குப் பணமில்லை, புறப்படுமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்க. ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. தூக்குவாளியும் கூஜாவும் எடுத்துச் செல்வது உத்தமம்.

வாலிபர்களுக்குத் தனியாக ஒரு சொல்: நம் ஊர்ப் பெருமையைக் காட்ட ஒரு கட்டு சரவெடியை மூட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகும் எண்ணம் வேண்டாம். ஆள் ஏறிய வண்டியில் வெடி கொண்டுபோவது எப்படி முடியுமென்று மற்றெவரையும்விட உங்களுக்குத் தெரியும். காய்ந்த காடு வேறு. காட்டுமாடுகள் தெருவிலேயே திரியும் ஊர் அது.

ஏறும் வழியில் ஊருக்குச் சற்றுக் கீழே செண்பகனூர் வரும். 1895-ல் தொடங்கிய சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியும், குருக்கள் சேர்த்த பறவை, பூச்சி, செடிகளின் காட்சிசாலையும் அங்கேதான். ஆர்க்கிட் பூக்களை வளர்க்கும் வீடும் உண்டு. திறந்திருக்கும் நாளை முன்பே கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். படகுக்காக இதை விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

சலேத் கோவிலில் பூசை கேட்க விரும்பினால், எத்தனைபேர் வருகிறீர்கள் என்று அவ்விடத்துப் பங்குச் சுவாமியாருக்கு முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். திடீரென்று ஐம்பதுபேர் போய் நின்று பூசை கேட்பது முறையல்ல. ஞாயிறு இடையில் வந்தால், டிரைவரும் சமையல்காரரும் பூசைக்கு வரும்படி நேரத்தை வகுங்கள். கிறிஸ்தவரல்லாதவராயிருந்தால் ஓய்வுக்காவது விடுங்கள். ஊர் பார்க்கப் போவது பூசைக்குப் பிறகு.

மலையேறும் காலையில் இட்லி இரண்டு போதும். வயிறு நிரம்பினால் வளைவுகளில் குமட்டும். எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். கம்பளி இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீடு ஒன்று இரவல் கொடுக்கலாம். ஆலை விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களில் வரவிரும்புகிறவர்கள் இருந்தால், அவர்களுடைய பங்குப் பணத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டு, அதைப்பற்றி வெளியே பேசாதிருப்பார்களாக. இரண்டாம் நாள் மத்தியானமே புறப்பட்டு, இருட்டுமுன் வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடவேண்டும். முன்னிருக்கைகள் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும்.