வயிற்றுப்போக்கும் செவிலியர் கடமையும்

வயிற்றுப்போக்குற்ற குழந்தையிடத்துச் செவிலி முதற்கண் நோக்கற்பாலன நான்கு: அதன் தெளிவு, குழிந்த கண், தாகம், கிள்ளிய வயிற்றுத்தோல் மீளும் விரைவு. தோல் மெல்ல மீளின் உடல்நீர் குறைந்துளது. 2 வினாடி கடப்பினும், குழந்தை பருகவியலாது மயங்கினும், உடனே மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.

ஏனையோர்க்கு உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுக, தாய்ப்பாலை நிறுத்தற்க. சர்க்கரையானது, குடல் உப்பையும் அதனுடன் நீரையும் ஈர்த்துக்கொள்ளத் துணைசெய்யும். 1971-இல் போங்கான் அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இம்முறையால் வாந்திபேதியுற்றார் பலரைக் காத்தனர்.

கரைசற்பொடி கிடையாவிடின், காய்ச்சியாறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க. உப்பு மிகின் உயிர்க்கு ஏதம். ஆதலின் தாய்க்கு உரைத்தலோடமையாது, அவள் கையாலேயே கலக்கச் செய்து காண்க. அவள் பிழையறக் கலந்தபின்னரே நம் போதனை முற்றியதாகும்.