கல் ஒன்றுக்கு ஒரு கட்டணமா?

அமெரிக்காவில் சிறுநீரகக் கல்லை எண்டோஸ்கோப்பி முறையில் எடுத்துக்கொண்டவருக்கு, வலி மறந்த பிறகு பில் வரும். அதிலுள்ள ஐந்திலக்க எண்கள் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966 முதல் வெளியிட்டுவரும் சிபிடி தொகுப்பைச் சேர்ந்தவை. அவற்றைப் படிக்கத் தெரியாவிட்டால் வேண்டாததைக் கட்டவும் நேரும், நியாயமான தொகைக்குச் சண்டை பிடிக்கவும் நேரும்.

நம்பிக்கை: எத்தனை கல்லோ அத்தனை கட்டணம்.

உண்மை: எண் குறிப்பது செய்த வேலையை. சிறுநீர்க் குழாய்க்குள் கருவியைச் செலுத்திக் கல்லை அப்படியே எடுத்தால் 52352. லேசரால் உடைத்தால் 52353. உடைத்து, அதே பக்கம் ஸ்டென்டும் வைத்தால் 52356. உடைத்தது இரண்டோ ஆறோ, ஒரு பக்கத்துக்கு ஒரு தடவைதான். உடைந்த துகள்களைக் கூடைக் கருவியால் அள்ளியதற்கு 52352-ஐத் தனியே சேர்ப்பது தவறு. வேறோர் இடத்திலிருந்த இன்னொரு கல்லை உடைக்காமல் எடுத்திருந்தால் மட்டும் 59 என்ற பின்னொட்டுடன் அதைக் கேட்க இடமுண்டு. அப்போது அறுவை சிகிச்சைக் குறிப்பில் இரண்டு இடங்களும் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் முதலில் தேடச் சொல்வது இந்தக் குறிப்பைத்தான்.

நம்பிக்கை: ஸ்டென்டுக்குத் தனிக் காசு.

உண்மை: 2014-இல் 52356 வந்ததே இரண்டையும் ஒன்றாக்கத்தான். அதனுடன், ஸ்டென்ட் வைப்பதற்கான 52332-உம் அதே பக்கத்துக்குப் போடப்பட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். மறு பக்கத்தில் வைத்திருந்தால் அது வேறு கணக்கு. பின்னொரு நாள் சிஸ்டோஸ்கோப் விட்டு ஸ்டென்டை எடுப்பதற்கு வரும் 52310 நியாயமானதே.

நம்பிக்கை: ஒரே எண் இரண்டு பில்களில் வந்தால் ஏமாற்று.

உண்மை: வெளிநோயாளியாகச் செய்துகொண்டால், அரங்குக்கும் கருவிகளுக்கும் மருத்துவமனையும், தன் உழைப்புக்கு மருத்துவரும் அதே எண்ணில் தனித்தனியாகக் கேட்பார்கள். மயக்க மருந்து தந்தவரின் பில்லில் 00918 இருக்கும்.

நம்பிக்கை: சிகிச்சை எண் சரியாக இருந்தால் காப்பீடு பணம் தந்துவிடும்.

உண்மை: நோயின் எண்ணும் பொருந்த வேண்டும். சிறுநீரகத்தில் கல் என்றால் ‘என்20.0’, சிறுநீர்க் குழாயில் என்றால் ‘என்20.1’, இரண்டிலும் என்றால் ‘என்20.2’.

சந்தேகம் வந்தால் வரிவாரியான பில்லையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் எழுத்து மூலம் கேளுங்கள். தன் மருத்துவப் பதிவையும் பில் பதிவையும் பெறுவது ஹிப்பா சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கும் உரிமை.