பூனைவணங்கியும் கடைப்பூனையும்

நம்மவர்கள் நடத்தும் கடைகளில் பூனை இல்லாத கடை எது? அரிசி மூட்டை அடுக்கிய இடத்துக்கு எலி வரும். எலி வரும் இடத்துக்குப் பூனை வேண்டும். கெடாவில் முதன்முதல் கடை வைத்த நம் பெரியவர்கள் போட்ட கணக்கு இது. அலோர் ஸ்டாரிலாகட்டும், சுங்கை பட்டாணியிலாகட்டும், கூலிமிலாகட்டும், மளிகைக் கடையோ ஜவுளிக் கடையோ நாசி கண்டார் கடையோ, கல்லாப்பெட்டியின் ஓரத்தில் ஒரு பூனை சுருண்டு கிடப்பது வழக்கமான காட்சி. ஆனால் அந்தப் பூனையின் குணத்தையும் உடம்பையும் பற்றி நமக்குத் தெரிந்தது மிகச் சொற்பம். அந்த அறியாமையால் என் கடையில் ஒரு பூனை மாண்டது. இன்னொன்று அடிபட்டுச் சாக இருந்தது. பிழைத்ததைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

மழை விட்ட ஒரு காலை நேரம். கடைப்பையன் பின்புறத்திலிருந்து ஓடி வந்து, "முதலாளி, பூனைக்கு வெறி பிடிச்சிருச்சு!" என்று கத்தினான். போய்ப் பார்த்தேன். சாக்கடை ஓரத்தில் பூனை மண்ணைப் பறித்து எதையோ கடித்துக்கொண்டிருந்தது. முகத்தைத் தரையில் தேய்த்தது, மல்லாந்து புரண்டது, வாயிலிருந்து எச்சில் வடிந்தது, கண்மணி இரண்டும் அகல விரிந்திருந்தன. 2015-ஆம் ஆண்டில் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் நாய்களிடையே வெறிநோய் கண்டு, ஊரெல்லாம் கலங்கியது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் எங்களுக்கு முற்றும் தீர்ந்திருக்கவில்லை. பையன் கையில் மூங்கில் கழி. நானும் அவனைத் தடுக்கவில்லை; அதை மறைப்பானேன்? அடுத்த கடை அஞ்சடியில் பலகாரம் விற்கும் மலாய்க்கார அம்மையார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "குச்சிங் காலாக்" என்று சொல்லி, பூனையின் வாயிலிருந்த வேரையும் பக்கத்தில் நின்ற செடியையும் சுட்டிக் காட்டினார். கால் மணி நேரத்தில் பூனை எழுந்து, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, ஒன்றும் நடவாததுபோல் அரிசி மூட்டைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அந்தச் செடி வேறொன்றுமில்லை, நம்முடைய குப்பைமேனிதான்! தோட்டத்து லயத்தின் பின்னாலும், கடைவீதிச் சந்துகளிலும், காரை பெயர்ந்த சுவரோரங்களிலும் தானாக முளைத்து நிற்பது. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓரம் பல்பல்லாக வெட்டிய இலை, நீண்ட காம்பு, மேலிருந்து பார்த்தால் ஓர் இலை மற்றதை மறைக்காமல் அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். காம்பின் அடியில் சிறு கிண்ணம் போன்ற பச்சை மடல்களுக்குள் பூ இருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் குச்சிங் காலாக் என்றும், செக்கா மாஸ் என்றும் அழைக்கிறார்கள். 'காலாக்' என்றால் எழுச்சி கொண்ட, மும்முரமான என்று பொருள். நம் தமிழ் வைத்தியர்களும் சளைத்தவர்களல்லர். அவர்கள் இதற்கு வைத்த பழைய பெயர்களில் ஒன்று பூனைவணங்கி. இன்னொன்று மார்ஜாலமோகினி, அதாவது பூனையை மயக்குபவள். பெயரிலேயே பாடம் இருக்க, நாம் கழியைத் தூக்கினோம்.

மேல்நாட்டார் பூனைக்குக் கொடுக்கும் 'கேட்னிப்' என்ற மூலிகையைப் பலரும் கேள்விப்பட்டிருக்கலாம். பிராணிக் கடைகளில் உலர்ந்த தூளாகவும், துணிப் பொம்மைக்குள் அடைத்தும் விற்கிறார்கள். அது புதினாக் குடும்பத்துச் செடி. குளிர்ந்த பூமிக்கு உரியது. அதிலுள்ள நெபெட்டாலாக்டோன் என்னும் வாசனைப் பொருள்தான் பூனையைப் புரள வைக்கிறது. குப்பைமேனி அதற்கு உறவான செடியன்று. ஆனாலும் அதன் வேரில் அந்தப் பொருளுக்கு நெருங்கிய உறவான பொருள்கள் இருப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2016-ல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இலையை மோந்துவிட்டுப் போகும் பூனை, வேரைப் பிடுங்கிப் போட்டால் விடாது. கடையில் காசு கொடுத்து வாங்குவது நம் காலடியிலேயே இலவசமாக முளைக்கிறது. வியாபாரிக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

இதில் சில விவரங்களை அறிந்துகொள்வது நலம். எல்லாப் பூனைக்கும் இந்த மயக்கம் வருவதில்லை. கேட்னிப்பைப் பொறுத்தவரை மூன்றில் ஒரு பங்கு பூனைகள் திரும்பியும் பாரா. இது பரம்பரையாக வரும் குணம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் 1962-லேயே எழுதினார். சில மாதமே ஆன குட்டிகளுக்கும் இது ஏறாது. மயக்கம் ஐந்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரம் வரை இருக்கும். அது தீர்ந்தபின் ஒரு மணி நேரத்துக்காவது மீண்டும் கொடுத்தாலும் பயனில்லை. ஜப்பானில் 'மாதாதாபி' என்னும் கொடிக்கும் இதே சக்தி உண்டு. அதை ஆராய்ந்த ஜப்பானியர்கள் 2021-ல் வெளியிட்ட முடிவு வியப்பானது: பூனையின் உடம்பு தானே சுரக்கும் இன்பச் சுரப்பு ஒன்று அப்போது இரத்தத்தில் கூடுகிறது, முகத்தில் தேய்த்துக்கொண்ட சாறு கொசுவையும் விரட்டுகிறது. கொசுக்கடிக்கு அஞ்சித்தான் பூனை புரளக் கற்றதோ என்னவோ!

"பூனைக்குப் போதை கொடுப்பது ஆகுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் வேலை. எனக்கு அந்தத் தகுதியில்லை. நடைமுறையை மட்டும் சொல்லலாம். இதனால் பூனை அடிமையாவதில்லை; மறுநாள் வேர் இல்லையென்று ஏங்குவதில்லை; பூ மணத்தில் சொக்கி நிற்பது போன்ற ஒன்று. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும், ஒளுவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கும்படி அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தியையும் ஹதீஸ்களில் நாம் கேட்டிருக்கிறோம். பிராணிக்கு நோவு தருவதும் தராததுமே அங்கே பேச்சு.

ஆகவே, மயக்கம் வேறு, நோய் வேறு என்று பிரித்தறிவதுதான் முக்கியம். பூனை புரண்டால், எச்சில் வடித்தால், தூர நின்று கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் பறித்த குப்பைமேனி வேர் கிடக்கிறதா என்றும் பாருங்கள். வேரின் மயக்கமானால் தெளிந்துவிடும்; கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்; சோறு தின்னும். வெறிநோய் அப்படியன்று. அது தெளிவதில்லை, நாளுக்கு நாள் முற்றும். குணம் மாறும், விழுங்க முடியாது, காரணமின்றிப் பாயும், பிறகு கால் இழுத்துக்கொள்ளும். அத்தகைய பூனையைத் தொடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லிவிட வேண்டும். கடித்திருந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாளை பார்க்கலாம் என்பது உயிரோடு விளையாடுவதாகும்.

ஊரிலிருந்து புதிதாக வருவோர் இன்னொன்றிலும் ஏமாறுவார்கள். இங்கே பல பூனைகளுக்கு வால் குட்டையாக, நுனியில் முடிச்சுப் போட்டாற்போல் இருக்கும். யாரோ கதவில் நசுக்கிவிட்டார்கள் என்று பரிதாபப்பட வேண்டாம். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் உள்ள பூனைகளுக்கு அது பிறவிக் குணம் என்று டார்வின் 1868-ல் வெளியான தம் நூலிலேயே குறித்திருக்கிறார்.

இனி மாண்ட பூனையின் கதை. அது கருப்பும் வெள்ளையும் கலந்த கடுவன். ஒரு நாள் சோர்ந்து, உடம்பு சுட்டுக் கிடந்தது. நமக்குக் காய்ச்சலென்றால் என்ன செய்வோம்? அதையே செய்தேன். பாரசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்து மீனில் கலந்து வைத்தேன். சில மணி நேரத்தில் முகம் வீங்கிற்று, ஈறு தவிட்டு நிறமாயிற்று, மூச்சு வாங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டு போவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. மனிதனின் ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது. அதனால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் கெட்டுப் போகிறது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அன்பினால்தான் கொடுத்தேன். ஆனால் கொன்றது என் கைதான்.

அதற்குப் பிறகு என் கடையை ஒரு முறை பூனையின் கண்ணால் சுற்றிப் பார்த்தேன். ஜவுளிப் பெட்டியில் போடும் அந்துருண்டை பூனைக்கு விஷம். தலைவலிக்குத் தேய்க்கும் தைலங்கள் விஷம். சளி பிடித்த பூனைக்கு மூக்கில் தடவுகிறவர்கள் உண்டு, கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தை அழிக்கும். எனவே குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை வைப்பது உபகாரமன்று. நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் முதுகில் விட்டால் நடுக்கமும் வலிப்பும் கண்டு சாகும்.

எல்லாவற்றிலும் மோசமானது எலி மருந்து. பூனையையும் வளர்ப்போம், கிட்டங்கியில் எலி மருந்தையும் வைப்போம்! இன்று விற்கும் எலி மருந்துகளில் பல இரத்தம் உறையாமல் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது, தடுமாறித் திரியும், தடுமாறுகிற எலியைத்தான் பூனை சுலபமாகப் பிடிக்கும். சில நாள் கழித்துப் பூனையின் ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் காணும். அப்போதும் விரைந்து கொண்டு போனால் வைட்டமின் கே ஊசியால் காப்பாற்ற இடமுண்டு. மருந்தின் அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்த மருந்து என்பதைப் பொறுத்தே எத்தனை வாரம் சிகிச்சை என்பது. ஒன்று பூனை, அல்லது மருந்து. இரண்டையும் ஒரே கூரையில் வைக்காதீர்கள். மருந்தேதான் வேண்டுமென்றால் கூண்டுப் பொறி போதும்.

கடுவன் பூனை வளர்ப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மண்ணில் அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். வெறும் உலர்ந்த தீனியை வைத்து, தண்ணீரை மறந்துவிடும் கடைகளில் இது அதிகம் வர வாய்ப்புண்டு. சண்டைக்காரக் கடுவனின் மூக்கிலும் காலிலும் ஆறாத புண் கண்டால் அதுவும் அலட்சியத்துக்குரியதன்று. ஸ்போரோத்ரிக்ஸ் என்னும் பூஞ்சை நோய் நம் மலேசியப் பூனைகளிடம் உண்டு. பிறாண்டினால் மனிதருக்கும் தொற்றும். கையில் முடிச்சு முடிச்சாகப் புண் வரும். மாதக்கணக்கில் மருந்து தின்ன வேண்டும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவற்றைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். பெட்டைப் பூனை நாலைந்து மாதத்திலேயே சூல் கொள்ளக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். கணக்குத் தெரிந்த நமக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் பூனைவணங்கிக்கு வருவோம். வேரை எடுப்பதானால் களைக்கொல்லி அடிக்காத இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். தோட்டத்து வரப்பும் நகராட்சிச் சாலையோரமும் ஆகாது. மண் போகக் கழுவி, விரலளவு துண்டு கொடுத்தால் தாராளம். வாரத்தில் ஓரிரு நாள் போதும். இலையை இடித்துச் சாறு பிழிந்து புழு மருந்தென்று பூனையின் வாயில் ஊற்றுவது தவறு. அந்தச் செடியில் நஞ்சுச் சத்தும் இருக்கிறது. வேர் மருந்தன்று, விளையாட்டு.

மனிதருக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை. குப்பைமேனியைக் கஞ்சியிலும் கஷாயத்திலும் சேர்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஜி6பிடி குறை உள்ளவர்கள் அதை உட்கொண்டதும் இரத்த அணுக்கள் உடைந்து ஆபத்தான நிலைக்குப் போனதை இலங்கை மருத்துவர்கள் 1996-ல் எழுதியிருக்கிறார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குறை உண்டா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிறார்கள். பிள்ளையின் பிறப்புக் கால மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கஷாயம் வையுங்கள்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு மட்டும் ஒரு யோசனை. துணிக்கட்டில் நகம் தீட்டும் பூனையை விரட்டிப் பயனில்லை. நகம் தீட்டாமல் பூனையால் இருக்க முடியாது. ஒரு கட்டையில் பழைய கோணியை இறுகச் சுற்றிக் கட்டி, கடையின் மூலையில் அசையாமல் நிறுத்துங்கள். குப்பைமேனி வேரை அந்தக் கோணியில் நன்றாகத் தேய்த்து விடுங்கள். என் பூனை மூன்றாம் நாளே சேலைக்கட்டை விட்டுவிட்டுக் கோணிக்குப் போய்விட்டது. பூனையை வைத்தியரிடம் கொண்டு போகும் கூடைக்குள்ளும் அப்படியே ஒரு துண்டு வேரைப் போட்டு வைத்தால், கையில் கீறல் விழாமல் அது தானாகவே உள்ளே போகிறது. கடைப்பையன் இப்போது அந்தக் கழியைப் பரணில் தூசி தட்டத்தான் எடுக்கிறான். சாக்கடை ஓரத்தில் குப்பைமேனி முளைத்தால் பிடுங்காமல் விட்டுவைக்கிறான்.