விடுதலை ஆன பிறகும் போலீஸ் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா?

ஆந்திராவில் செம்மரம் வெட்ட வந்ததாகப் பிடிபட்டு, திருப்பதி கோர்ட்டுக்கு அலைந்து விடுதலையானவர்கள் ஜவ்வாது மலை ஊர்களில் உண்டு. கேஸ் முடிந்தது என்று வக்கீல் சொன்னதும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கைது விவரத்தை ஒரே மனுவில் அழித்துவிடும் சட்டம் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருக்கிறது; நம் நாட்டில் இல்லை. ஒவ்வொரு பதிவேட்டையும் நாமேதான் துரத்த வேண்டும்.

முதல் வேலை, தீர்ப்பின் சான்றிட்ட நகல். நாலைந்து வாங்குங்கள். குற்ற எண், ஸ்டேஷன், தகப்பனார் பெயர் சரியா என்று கவுண்டரிலேயே பாருங்கள். தமிழ்ப் பெயரைத் தெலுங்கில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளே மாறிவிடலாம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. பழைய சித்தூர் வழக்கென்றால், அந்த ஸ்டேஷன் இப்போது எந்த எஸ்.பி.யின் கீழ் வருகிறது என்று விசாரியுங்கள்.

அடுத்தது கைரேகை, போட்டோ. 2022-இன் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி இவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால் முன்பு தண்டனை பெறாதவர், அப்பீல் எல்லாம் முடிந்து விடுதலையானால், கோர்ட் வேறு மாதிரி சொல்லாதவரை அழித்தாக வேண்டும். அது தானாக நடக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஆந்திர மாநிலத்தின் நோடல் அதிகாரிக்குத் தீர்ப்பு நகலோடு மனு அனுப்பி, எஸ்.பி. ஆபீஸிலும் ஒன்று கொடுத்து, முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள்.

ரவுடி ஷீட் (ஸ்டேஷனின் கண்காணிப்புப் பதிவு) திறந்திருந்தால் அதை மூடச் சொல்லித் தனி மனு. பதில் இல்லையென்றால் அமராவதி உயர் நீதிமன்றத்தில் ரிட். வழக்கே பொய் என்றால், முடியும்வரை காத்திருக்க வேண்டாம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 528-ஆம் பிரிவில் அதே நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம்.

இணையத்தில் கிடக்கும் தீர்ப்புதான் கடினம். விடுதலையான ஒருவரின் பெயரை மறைக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். 'இருந்தது, விடுதலை' என்று எழுதி நகலை இணையுங்கள். மறைத்ததற்காகவே வேலையிலிருந்து நீக்க முடியும் என்பது 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வக்கீலுக்குப் பணமில்லையா? பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 1987-இன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் சாதிச் சான்றிதழோடு சட்டப்பணிகள் ஆணையத்துக்குப் போங்கள்.